பள்ளத்தில் தேங்கும் குளிர்: கொடைக்கானலில் வீடு தேடும் மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

கொடைக்கானல் பள்ளியொன்றில் வேலை கிடைத்து, உடன் பணியாற்றும் மூவரோடு சேர்ந்து வாடகைக்கு வீடு பிடிக்கப்போவதாகவும், வாடகை, அட்வான்ஸ், பேருந்து வசதி ஆகியவற்றை விசாரித்து முடித்துவிட்டதாகவும் சொன்ன உன் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி இருந்தது. மேட்டில் இருக்கும் அப்சர்வேட்டரிப் பக்கத்தைவிட, தாழ்வான ஏரிக்கரைப் பக்கத்து வீட்டில் குளிர் குறைவாகத்தானே இருக்கும் என்பதே அக்கேள்வி. மற்றவற்றை எல்லாம் தரகரும் சக ஆசிரியர்களும் சொல்லிவிடுவார்கள். இந்த ஒன்றுக்குத்தான் நீண்ட பதில் வேண்டியிருக்கிறது. புவியியல் படித்துப் பட்டம் பெற்றவரே இப்படிக் கேட்கிறார் என்றால், பாடநூல் ஒரு விதியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அந்த விதி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

உயரம் கூடக்கூட வெப்பம் குறையும் என்ற கணக்கை இங்கே திரும்ப விளக்கத் தேவையில்லை. வத்தலக்குண்டிலிருந்து பேருந்தில் ஏறி, பெருமாள்மலையில் ஸ்வெட்டரை எடுத்து, செண்பகனூரில் அதை மாட்டிக்கொள்ளும் பயணிக்கு அந்தக் கணக்கு சரியாகவே பொருந்துகிறது. பெருமாள்மலை நகரைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வாக, திறந்த சரிவில் இருப்பதால் அங்கே குளிர் உண்மையிலேயே குறைவு. ஆனால் நகருக்குள் நுழைந்தபின், ஒரு மேட்டுக்கும் அதன் காலடியில் உள்ள பள்ளத்துக்கும் இடையே, அதுவும் குளிர்கால இரவில், அதே கணக்கைப் போட்டால் விடை தலைகீழாக வரும். அப்சர்வேட்டரி எனப்படும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியும் அதைச் சுற்றிய நகரும் அதைவிட ஏறத்தாழ 200 மீட்டர் தாழ்வு. பாடநூல் விதிப்படி ஏரிக்கரையே கதகதப்பாக இருக்க வேண்டும். ஆனால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி படிந்த புல்வெளியின் படத்தோடு நாளிதழ்களில் வரும் செய்திகளைப் பார்த்தால், ஏரிக்கரை, ஜிம்கானா மைதானம், கீழ்பூமி என்று தாழ்வான இடங்களின் பெயர்களே ஆண்டுதோறும் அடிபடுவது தெரியும். மேட்டிலுள்ள வெப்பமானி அதே இரவில் பள்ளத்தைவிடக் கூடுதலான அளவைக் காட்டுவதே வழக்கம்.

காரணம் இதுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வானில் மேகமும் காற்றில் அசைவும் இல்லாத இரவுகளில், பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் தடையின்றி வானை நோக்கி வெளிவிடுகிறது. இதற்குக் கதிர்வீச்சுக் குளிர்ச்சி என்று பெயர். நிலம் குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனம் மிக்கது என்பதால், மழைநீர் எந்த ஓடை வழியாக இறங்குமோ ஏறத்தாழ அதே வழியாக அதுவும் இறங்கி, வெளியேற வழி குறுகிய தாழ்நிலத்தில் தேங்கி நிற்கிறது. கீழே குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்றுமாக அடுக்கு மாறிக் கிடக்கும் இந்த நிலையே வெப்பத் தலைகீழ் மாற்றம் எனப்படுகிறது. தேங்கிய குளிரின் மேல்மட்டத்துக்கும், காற்று வந்து மோதும் மலைமுகட்டுக்கும் நடுவே, சரிவின் இடைப்பகுதியில், இரவு முழுவதும் ஓரளவு வெப்பம் தங்கும் ஒரு பகுதி அமைகிறது. அதை வெப்பப் பட்டை என்று அழைப்பர். மலையில் வீடு தேடுபவர் தேட வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

நீர்ப்பரப்பு வெப்பத்தைத் தக்கவைக்குமே, ஏரி அந்தக் குளிரைத் தணிக்காதா என்று அடுத்த கேள்வி எழும். எழுவது நியாயமே. ஆனால் கடல் செய்வதை 24 ஹெக்டேர் ஏரி செய்துவிடும் என்று எதிர்பார்ப்பது, அளவைப் பார்க்காமல் விதியை மட்டும் பார்க்கும் அதே பழைய தவறாகும். குளிர்கால விடியலில் ஏரியின் மேல் புகைபோல எழும் ஆவியைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிறார்கள். நீரைவிட அதன் மேல் நிற்கும் காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அந்த ஆவியே சாட்சி. நீரிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த காற்றில் உடனே சுருங்கித் துளிகளாகிறது. அப்படி ஒரு காட்சி தெரியும் சன்னலுக்காகக் கூடுதல் வாடகை கேட்கிறார்கள் என்றால், குளிருக்கும் சேர்த்துத்தான் அந்தக் கூடுதல் பணம் போகிறது.

இந்த இடத்தில் சோலைக்காடுகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. மேல்பழனி மலையின் பழைய நிலத்தோற்றம் புல்வெளியும் சோலையும் கலந்தது. மடிப்புகளிலும் ஓடையோரங்களிலும் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை, மற்ற இடங்களில் புல். சோலைக்கும் புல்லுக்கும் இடையே எல்லை இவ்வளவு கூர்மையாக இருப்பது ஏன் என்ற வினாவுக்கு மண், தீ, மேய்ச்சல் எனப் பல விடைகள் தரப்பட்டிருக்கின்றன. அவற்றுள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மெஹர்-ஹோம்ஜி முன்வைத்த விடை, உறைபனி என்பது. வெட்டவெளியில் முளைக்கும் சோலை மரத்தின் நாற்று உறைபனி இரவைத் தாங்காமல் கருகிவிடுகிறது. வளர்ந்த மரங்களின் கூரைக்குக் கீழே முளைக்கும் நாற்று பிழைத்துக்கொள்கிறது. ஆகவே சோலை தன் எல்லைக்குள்ளேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதே நிறுவனத்தின் பிரான்சுவா பிளாஸ்கோ 1971இல் வெளியிட்ட தென்னிந்திய மலைகள் பற்றிய நூலையும், அருட்தந்தை கே. எம். மேத்யூ 1999இல் வெளியிட்ட பழனி மலைத் தாவரங்கள் பற்றிய பெருந்தொகுதிகளையும் புரட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: ஒரு செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்று சொல்வதோடு நின்றால் விளக்கம் முடிவதில்லை, எத்தகைய இடத்தில், எவற்றின் நிழலில், எவ்வளவு ஈரத்தில் என்பதையும் சொன்னால்தான் அந்தச் செடியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். வீட்டுக்கும் இது பொருந்தும். தலைக்கு மேல் மரக்கூரை இருந்தால் நிலத்தின் வெப்பம் வானுக்குத் தப்புவது குறைகிறது என்ற ஒரே உண்மைதான் நாற்றையும் காக்கிறது, மரங்களின் ஓரத்தில் நிற்கும் வீட்டின் இரவு வெப்பத்தையும் ஓரளவு காக்கிறது. ஆனால் மரங்கள் பகலில் வெயிலை மறைக்கும் என்பதால் இதில் ஒரு பேரம் இருக்கிறது. அது பின்னால் வரும்.

மலைவாசிகள் இதை எந்த நூலையும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையில், பூம்பாறைக்குச் சற்று முன்பாக வண்டியை நிறுத்தி எல்லோரும் பார்க்கும் காட்சியை நீயும் பார்த்திருப்பாய்: வீடுகள் எல்லாம் சரிவில் ஒன்றையொன்று ஒட்டித் திரண்டு நிற்க, பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் படிக்கட்டு நிலங்கள் அவற்றைச் சூழ்ந்து கீழே இறங்கிச் செல்லும். பள்ளத்தின் அடிமண் வளமானது என்பதால் அதைப் பயிருக்கு விட்டார்கள் என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மையே என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து. சமதளமாகக் கிடைத்த இடத்தில் வீடு கட்டுவது எளிது. எளிதான அந்த இடத்தை விட்டுவிட்டுச் சரிவில் அடித்தளம் அமைக்கும் கடினமான வேலையை ஓர் ஊரே மேற்கொண்டது என்றால், விளைநிலத்தின் மதிப்போடு இரவின் குளிரும் அந்த முடிவில் பங்கு பெற்றிருக்க வேண்டும். வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கி நிற்பதற்கும் இதில் பங்குண்டு. காற்றுபடும் வெளிச்சுவர் குறைந்தால் வெப்ப இழப்பும் குறைகிறது. தனி காம்பவுண்டு, நான்கு பக்கமும் திறந்தவெளி என்று விளம்பரம் செய்யப்படும் வீட்டைவிட, லைன் வீட்டின் நடுப்போர்ஷன் குளிர்காலத்தில் வசதியாக இருப்பதும் இதனால்தான்.

வெளியிலிருந்து வந்தவர்களும் இடம் தேர்வதில் அடிபட்டே கற்றார்கள். 1821இல் லெப்டினன்ட் வார்டு இம்மலைகளை அளந்தபின், மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளியின் காய்ச்சலிலிருந்து தப்ப முதலில் நாடியது சிறுமலையை. திண்டுக்கல்லுக்கு அருகே, ஏறுவதற்கு எளிதாக இருந்த அந்த மலைக்குப் போதிய உயரம் இல்லாததால் காய்ச்சல் அங்கும் தொடர்ந்தது. அதன்பிறகே 1845இல் கொடைக்கானலில் சன்னிசைட், ஷெல்டன் என்ற முதல் இரு வீடுகள் எழுந்தன. அவையும் தனிக்குடும்பத்துக்குரிய மாளிகைகள் அல்ல, மிஷன் குடும்பங்கள் பங்கிட்டுத் தங்கிய வீடுகள். மதுரையின் முன்னாள் கலெக்டர் லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியது 1863இல்தான் என்பதால், முதல் 18 ஆண்டுகளில் அங்கே குடியேறிய ஒருவரும் ஏரிக்காட்சிக்காக இடம் தேர்ந்திருக்க வழியில்லை. இன்று ஏரி நிற்கும் இடம் அப்போது ஓடையும் சதுப்புமாக இருந்த தாழ்நிலம். 1890களில் வானியலாளர் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஆராய்ந்து பார்த்த பிறகே, சென்னையிலிருந்த ஆய்வகத்தின் சூரியப் பணிகளுக்குக் கொடைக்கானல் மேட்டைத் தேர்ந்தார். 1899இல் நிறுவப்பட்ட அந்த ஆய்வகத்தில்தான் 1909இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். வானம் தெளிவாகவும் காற்று சலனமின்றியும் இருக்கும் நேரம் எது, இடம் எது என்று அளந்து பார்த்து இடம் பிடித்தவர்களின் வரலாறு அந்த ஊருக்கு உண்டு. அப்படிப்பட்ட ஊரில் தரகர் கைப்பேசியில் காட்டும் நான்கு படங்களை வைத்து அட்வான்ஸ் கொடுப்பது முறையல்ல.

ஏரிக்கரைக்கு அடுத்தபடியாகத் தரகர்கள் பரிந்துரைப்பது, கோக்கர்ஸ் வாக் போலத் தெற்கு விளிம்பில், பெரியகுளம் சமவெளியைப் பார்த்தபடி நிற்கும் வீடுகளை. இங்கே குளிர்காற்று தேங்காது. சரிவு செங்குத்தாக இருப்பதால் அது வழிந்து போய்விடும். ஆனால் வேறொரு தொல்லை உண்டு. காலையில் சமவெளியும் மலைச்சரிவும் சூடானதும், அவற்றை ஒட்டிய காற்று லேசாகிச் சரிவின் வழியே மேலேறுகிறது. இதைச் சரிவேறு காற்று என்பர். மேலேற ஏறக் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் விளிம்பை நெருங்கும்போது மூடுபனியாகிறது. பிற்பகலில் கோக்கர்ஸ் வாக்கில் நிற்பவர்களின் முகத்தில் வந்து மோதும் வெண்மை அதுதான். அரைமணி நேரம் நின்று பார்ப்பவருக்கு அது இன்பம்; அங்கே குடியிருப்பவருக்கோ கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும், புத்தகத்தின் முதுகில் பூஞ்சை படரும்.

ஆகவே வெயில் எங்கே விழுகிறது என்பது இரவுக் குளிருக்கு அடுத்த கேள்வி. கொடைக்கானல் வடக்கு அகலாங்கு 10 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் தலைக்கு வடக்கே 13 பாகை சாய்ந்தும், டிசம்பர் நண்பகலில் தெற்கே ஏறத்தாழ 34 பாகை சாய்ந்தும் நிற்கும். வெயில் தேவைப்படுவது டிசம்பரில் என்பதால், தெற்கும் கிழக்கும் திறந்த வீடே வேண்டும். பிற்பகலில் மூடுபனி வந்துவிடும் ஊரில் காலை வெயிலே நம்பத்தக்கது என்பதால், இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் தெற்கை விட்டுவிட்டுக் கிழக்கைப் பிடித்துக்கொள்வது நல்லது. முன்னே சொன்ன பேரம் இங்கேதான் வருகிறது: யூகலிப்டஸ் அல்லது சவுக்கு நிழல் கிழக்கில் விழுமானால், அந்த வீட்டை எவ்வளவு வாடகை குறைத்தாலும் வேண்டாம் என்றே சொல்ல வேண்டும், மரங்கள் மேற்கில் இருந்தால் ஜூன் முதல் வீசும் மேல்காற்றுக்கு அவை அணையாகும்.

வீட்டைக் காலை ஏழு மணிக்கு ஒருமுறையும், பிற்பகல் நான்குக்கு மேல் ஒருமுறையும் பார்ப்பது அவசியம். சீசனான ஏப்ரல், மே மாதங்களில் பார்த்த வீட்டை டிசம்பரில் பார்ப்பவர் அடையாளம் காணமாட்டார் என்பதால், சீசனில் பார்ப்பவரிடம் சுவர்தான் பேச வேண்டும். வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில், தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை பாசி ஏறியிருக்கிறது என்பதையும், உள்ளே சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரியைக் கையகலம் நகர்த்தி அதன் பின்னால் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். புதிதாகச் சுண்ணாம்போ பெயின்டோ அடித்திருந்தால் மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். ஈரச்சுவர் பெயின்டுக்குள்ளும் சில்லென்று இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத வீடாக இருந்தால், உள்ளிருக்கும் ஆவி இரவில் தகரத்தில் படிந்து விடியலில் சொட்டும். கட்டிலுக்கு மேலே துருக்கோடு தெரிகிறதா என்று நிமிர்ந்து பார்த்தாலே போதும். வீட்டுக்குப் பின்னால் மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருந்தால், தடுப்புச்சுவரும் அதில் நீர் வடியும் துளைகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது அக்டோபர், நவம்பர் மழைக்கு முன்னெச்சரிக்கை.

நால்வர் சேர்ந்து குடியிருப்பதால் வாடகை குறைகிறது என்பதை மட்டும் எல்லோரும் கணக்கிடுகிறார்கள்; ஈரம் கூடுகிறது என்பதை ஒருவரும் கணக்கிடுவதில்லை. தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்துக்கொண்டு நால்வர் தூங்கினால் ஒரு லிட்டர். உள்ளேயே துணியும் காய்ந்தால் அதைவிடப் பல மடங்கு. சமையலறையிலும் குளியலறையிலும் ஆவி வெளியேற வழியில்லாத வீடு இருவருக்குப் போதும், நால்வருக்குப் போதாது. வெந்நீரையும் இப்படியே கணக்கிட வேண்டும். 25 லிட்டர் கீசரில் 12 பாகை நீரை 45 பாகைக்குக் கொண்டுவர 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஏறத்தாழ அரை மணி நேரமும் ஒரு யூனிட் மின்சாரமும் ஆகும். எட்டரை மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டிய நால்வருக்கு இரண்டு மணி நேரம். இரண்டு மாதத்துக்குக் குளியலுக்கு மட்டும் 240 யூனிட். மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் அமைந்திருப்பதால், ஒரே மீட்டரில் நால்வர் சேரும்போது கடைசியில் செலவாகும் யூனிட்டுகள் மேல்படியின் விலையில் வந்து விழும். கரண்ட் பில்லை நாலாக வகுத்தாலும், தனியாக இருந்தால் ஆகும் தொகையைவிட அது கூடுதலாக இருக்கக்கூடும்.

அறைகளை எப்படிப் பங்கிடுவது என்பதில் இதை எழுதுபவருக்குத் திட்டவட்டமான கருத்து உண்டு. சதுர அடிக்கு ஏற்ப வாடகையைப் பிரிப்பது சமவெளியின் வழக்கம்; மலையில் வெயிலுக்கு ஏற்பப் பிரிக்க வேண்டும். கிழக்குச் சன்னல் உள்ள சிறிய அறை, வடக்குப் பார்த்த பெரிய அறையைவிட மதிப்பு மிக்கது. சீட்டுக் குலுக்கி எடுத்துவிட்டு ஜனவரியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறை மாற்றிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு ஒருமுறைகூட மாற்றாமல் இருப்பதும் நட்பைக் கெடுப்பவை. வடக்கு அறைக்காரர் குறைவாகத் தரட்டும். அது முதல் நாளே பேசி எழுதி வைக்கப்படட்டும்.

எழுத்து என்று வந்ததால் ஒப்பந்தம் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. நால்வரில் ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் போட்டால் அவர் வேலை மாறிப் போகும் நாளில் மற்ற மூவரின் நிலை அந்தரத்தில் நிற்கும் என்பதால், நால்வர் பெயரும் இடம்பெற வேண்டும். கொடைக்கானலுக்கே உரிய சிக்கல் சீசன்: ஏப்ரலில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, நாள்வாடகைக்குக் காட்டேஜாக விட்டுவிட்டு, ஜூனில் திரும்ப வரச் சொல்லும் உரிமையாளர்கள் உண்டு, முழு ஆண்டுக்கும் என்று தெளிவாக எழுதிக்கொள்ளாதவர்கள் பெட்டியோடு வெளியே நிற்க வேண்டியதுதான். விதிகளை மீறிக் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவால் சீல் வைக்கப்பட்ட ஊர் அது என்பதால், கட்டட அனுமதியைக் கேட்டுப் பார்ப்பதிலும் தயக்கம் வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைப்பதை எவர் சொன்னாலும், எத்தனை ஆண்டுகளாக அப்படி வைத்திருப்பதாகச் சொன்னாலும், ஏற்கக்கூடாது. கரி கனலும்போது எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை, தூங்குபவர் எழுந்திருப்பதில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் பொருத்தப்பட்ட கேஸ் கீசருக்கும் இதுவே பொருந்தும். பட்டதாரிகள் நால்வர் இருக்கும் வீட்டில் இதைச் சொல்ல வேண்டியிருக்கக்கூடாது. ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் செய்கிறார்.

கடிதத்தில் குறிப்பிட்டிருந்த மூன்று வீடுகளுள், ஏரிச்சாலை வீட்டை விட்டுவிடலாம். மற்ற இரண்டில், நாயுடுபுரத்துச் சரிவின் நடுவே இருப்பதாகச் சொன்ன வீட்டுக்குக் கிழக்கே என்ன இருக்கிறது என்பதை எழுத மறந்திருக்கிறாய். அதைப் பார்த்து எழுத வேண்டும். இத்துடன் வரும் பார்சலில் அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பமானி ஒன்று இருக்கிறது. குடிபுகுந்தபின் அதை வெளிச்சுவரில் ஒட்டாமல், வெயில் படாத இடத்தில், தரைக்கு மேல் நெஞ்சளவு உயரத்தில் தொங்கவிட்டு, ஜனவரி முழுவதும் விடியலில் குறைந்தபட்ச அளவைக் குறித்துவரலாம். ஏரிக்கரைப் பக்கம் தங்கியிருக்கும் சக ஆசிரியர் ஒருவரிடமும் இதே போன்ற ஒன்றைக் கொடுத்துக் குறிக்கச் சொன்னால், இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்து அனுப்பி வைக்கவும். எண்கள் இக்கடிதத்துக்கு மாறாக வந்தாலும் திருத்தாமல் அப்படியே அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
பழைய ஆசிரியர்